ஹந்தானை மலையில் ஒரு விஞ்ஞானி: சிரில் பொன்னம்பெருமவும் எண்களின் சாட்சியமும்

கண்டி வைத்தியசாலைப் பக்கமிருந்து ஹந்தானை வீதியில் மேலே ஏறினால், நகரத்தின் இரைச்சல் மெல்லக் குறைந்து மலைக்காற்று தொடங்கும். இன்னும் மேலே போனால் தேயிலை மலைகளும் தொழிலாளர் லயன்களும் வரும். அந்த வீதியில்தான் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இலங்கையில் இயற்கை விஞ்ஞானத்தின் அடிப்படைக் கேள்விகளுக்கென்றே சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட நிறுவனம் அது. 1980களில் அதன் பணிப்பாளராக இருந்தவர் பேராசிரியர் சிரில் பொன்னம்பெரும. உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வியோடு வாழ்ந்து, சந்திரனின் மண்ணையும் வானிலிருந்து விழுந்த கல்லையும் ஆராய்ந்த இரசாயனவியலாளர். அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

போரில் பிள்ளைகளையும் வீட்டையும் இழந்த எமது வாசகர்களுக்கு விண்கல் ஆராய்ந்த ஒருவரின் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. தொடர்ந்த அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் பதில் வந்தது. எலும்புகள் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது அந்த அறிக்கை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி வீதியோரக் கொட்டகையில் அமர்ந்திருந்த தாய்மாருக்குக் கிடைத்தவை அந்த இரண்டு எண்கள்தான்.

அந்த எண்களைத் தந்தது திணிவு நிறமாலைமானி என்ற இயந்திர வகை. அதே வகை இயந்திரங்களின் துணையோடு, அவை தரும் எண்களை எப்போது நம்பலாம், எப்போது மீண்டும் கேட்க வேண்டும் என்ற கேள்வியோடு உலகப் புகழ் பெற்றவர்தான் பொன்னம்பெரும. அவரது வாழ்க்கையைப் படிப்பது அந்த எண்களை எப்படிக் கேள்வி கேட்பது என்று படிப்பதும் ஆகும்.

காலியிலிருந்து மெட்ராஸ் வழியாக

சிரில் அன்ட்ரூ பொன்னம்பெரும 1923 ஒக்டோபர் 16ஆம் திகதி காலியில் பிறந்தார். பெயரில் பொன் என்ற சொல் தமிழ்க் காதுக்கு ஒலித்தாலும் அவர் தென்னிலங்கைச் சிங்களவர். காலி புனித அலோசியஸ் கல்லூரியிலும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். அவரது முதல் பட்டம் இரசாயனவியலில் அல்ல. 1948இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்றது தத்துவப் பட்டம். உயிர் என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் தத்துவத்துக்கும் பழையவை. அவற்றைச் சோதனைக் குழாய்க்குள் கொண்டுவர முடியுமா என்பதே பின்னர் அவரது வாழ்நாள் வேலையாயிற்று.

அதற்காக அவர் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. லண்டனுக்குப் போய் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனவியல் படித்தார். உயிரின் தோற்றம் பற்றி எழுதியும் பேசியும் வந்த ஜே.டி. பேர்னல் அங்கே பேராசிரியராக இருந்தார். 1959இல் அந்தப் பட்டம் கிடைத்தபோது பொன்னம்பெருமவுக்கு வயது 35 கடந்திருந்தது. அடுத்து அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பேர்க்லி. ஒளித்தொகுப்பின் இரசாயனப் பாதையைக் கண்டறிந்து 1961இல் நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினிடம் ஆய்வு செய்து 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கிருந்து கலிபோர்னியாவிலேயே உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் போனார். அங்கு இரசாயனக் கூர்ப்பு என்ற பிரிவுக்குப் பொறுப்பானார்.

இரசாயனக் கூர்ப்பு என்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். உயிர் தோன்றுவதற்கு முன்பிருந்த பூமியில் மீதேன், அமோனியா, நீராவி போன்ற எளிய பொருட்கள் இருந்தன. மின்னலும் சூரியனின் புற ஊதாக் கதிரும் கதிர்வீச்சும் அவற்றைத் தாக்கியபோது, உயிருக்குத் தேவையான சிக்கலான மூலக்கூறுகள் தாமாக உருவாகியிருக்க முடியுமா? ஆய்வுகூடத்தில் அந்தச் சூழலை அமைத்து அவரது குழுவினர் விடை தேடினார்கள். 1963இல் கார்ல் சேகன், ரூத் மரைனர் ஆகியோருடன் சேர்ந்து, உடலின் கலங்கள் சக்தியைச் சேமிக்கப் பயன்படுத்தும் ஏ.ரீ.பீ. என்ற மூலக்கூறு அத்தகைய நிலைமைகளில் உருவாகக்கூடும் என்று காட்டினார்.

தூளை எண்ணாக்கும் இயந்திரம்

இத்தகைய ஆய்வில் இரண்டாவது கேள்வி ஒன்று எப்போதும் எழும். குழாயில் கிடைத்த பழுப்பு நிறக் கலவைக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேதான் திணிவு நிறமாலைமானி வருகிறது.

அது வேலை செய்யும் முறை கடினமானதல்ல. கலவையை முதலில் ஒரு நீண்ட மெல்லிய குழாயினூடாக வாயு நிலையில் செலுத்துவார்கள். வெவ்வேறு பொருட்கள் வெவ்வேறு வேகத்தில் பயணித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். வெளிவரும் மூலக்கூறுகளை இலத்திரன்களால் தாக்கினால் அவை மின்னேற்றம் பெற்றுத் துண்டுகளாக உடையும். அந்தத் துண்டுகளை அவற்றின் திணிவுக்கும் ஏற்றத்துக்கும் ஏற்ப இயந்திரம் பிரித்து, ஒவ்வொரு திணிவிலும் எத்தனை விழுந்தன என்று எண்ணும். ஒவ்வொரு சேர்வையும் உடையும் விதம் தனித்துவமானது, கைரேகை போல.

ஆனால் எண்கள் பெருகுவது பயங்கரமானது. நான்கு செக்கனுக்கு ஒரு தடவை இயந்திரம் கணக்கெடுத்தால், ஒரு மணி நேர ஓட்டத்தில் 900 நிறமாலைகள் சேரும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கோடுகள். அக்காலத்தில் பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஒளிக்கற்றை ஒன்று ஒளியுணர் கடதாசிச் சுருளில் அந்தக் கோடுகளை வரையும். ஆய்வாளர் சுருளை மேசையில் விரித்து, அளவுகோல் வைத்து, ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் உயரத்தையும் கையால் குறிப்பார். ஒரு கோடு தவறினால் ஒரு சேர்வையே மாறிப்போகும். நேரம் இல்லாத ஆய்வாளர் தனக்கு வேண்டிய சில நிறமாலைகளை மட்டும் வாசித்துவிட்டு மீதியைச் சுருட்டி வைத்துவிடுவார். எதைத் தேடினாரோ அதை மட்டுமே காண்பார்.

இந்தத் தொல்லைதான் இயந்திரத்திலிருந்து எண்களைக் கைபடாமல் தானாக வெளியே எடுக்கும் முயற்சிக்கு வித்திட்டது. 1960களின் பிற்பகுதியில் எம்.ஐ.ரீ. நிறுவனத்தில் கிளவுஸ் பீமன் குழுவினர் நிறமாலைமானியைக் கணினியோடு இணைத்தார்கள். ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் வரை காத்திராமல் ஓட்டம் முழுவதையும் கணினி பதிந்தது. ஏம்ஸிலிருந்து சில மைல் தூரத்திலிருந்த ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோசுவா லெடர்பேர்க், எட்வேர்ட் பைகன்போம், கார்ல் ஜெராசி ஆகியோர் 1965இல் தொடங்கிய டென்ட்ரல் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிறமாலை எண்களைக் கணினிக்குக் கொடுத்து, மூலக்கூறின் அமைப்பு எதுவாக இருக்கலாம் என்று அதையே ஊகிக்கச் செய்தது. செயற்கை நுண்ணறிவின் தொடக்கால வேலைகளுள் ஒன்று அது. வேற்றுக் கிரகத்தில் ஆளில்லாமல் இயங்கப்போகும் கருவி ஒன்றின் தேவையும் அதற்குத் தூண்டுதலாக இருந்தது.

விக்டோரியாவில் விழுந்த கல்

1969 யூலையில் அப்பல்லோ 11 சந்திரனிலிருந்து மண் கொண்டுவந்தது. அந்த மண்ணில் சேதனச் சேர்வைகள் உண்டா என்று ஆராய்ந்த குழுக்களில் பொன்னம்பெருமவின் ஏம்ஸ் குழுவும் ஒன்று. அதற்காக மிகச் சுத்தமான ஆய்வுகூடம் தயாராக இருந்தது. சந்திர மண்ணில் உயிரின் தடயம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தயாரிப்பு வீண்போகவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மேர்ச்சிசன் என்ற சிற்றூரின் மீது ஒரு விண்கல் வெடித்துச் சிதறியது. 100 கிலோவுக்கு மேல் துண்டுகள் பொறுக்கப்பட்டன. காபன் நிறைந்த அரிய வகைக் கல் அது. அதன் துண்டுகள் ஏம்ஸுக்கு வந்தன.

விண்கற்களில் அமினோ அமிலங்கள் இருப்பதாக முன்பும் சிலர் சொல்லியிருந்தார்கள். அமினோ அமிலங்கள் புரதத்தின் கட்டுமானக் கற்கள். ஆனால் 1965இல் ஒரு சங்கடமான உண்மை தெரியவந்தது. மனிதக் கையிலிருந்தே அமினோ அமிலங்கள் படியும், கல்லைத் தொட்டவரின் விரலடையாளமே கண்டுபிடிப்பாகத் தோன்றிவிடலாம். ஆகவே பொன்னம்பெரும குழுவினரின் முன்னிருந்த கேள்வி அமினோ அமிலம் இருக்கிறதா என்பதோடு நிற்கவில்லை. அது கல்லுடையதா, தொட்டவருடையதா என்பதே பெரிய கேள்வி.

அதற்கு அவர்கள் பயன்படுத்திய சாவி மூலக்கூறுகளின் கைப்பாடு. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இடக் கையும் வலக் கையும் போல ஒன்றின் கண்ணாடி விம்பம் மற்றது. பூமியிலுள்ள உயிர்களின் புரதங்கள் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. விரலடையாளத்தில் இருந்து வந்தால் இடக்கையே மிகுந்திருக்கும். உயிரின் தலையீடு இல்லாமல் உருவானால் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். மேர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அதோடு, உயிர்களின் புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் கிடைத்தன. காபனின் சமதானி விகிதமும் பூமியின் சேதனப் பொருட்களிலிருந்து வேறுபட்டது. கீத் குவன்வோல்டன் முதற்பெயராக, பொன்னம்பெருமவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1970 டிசெம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்தது. விண்வெளியில் உயிரின் கட்டுமானப் பொருட்கள் உருவாகின்றன என்பதற்கு அதுவரை கிடைத்த மிக உறுதியான சான்று அது.

உலகம் அதை ஏற்றுக்கொண்டது அவர்களின் பதவிக்காக அல்ல. எந்த அளவீடு, எந்த விகிதம், மாசு இல்லை என்று ஏன் சொல்கிறோம் என்பதெல்லாம் மற்றவர் சரிபார்க்கக்கூடிய வடிவில் முன்வைக்கப்பட்டன. கல்லின் துண்டுகள் வேறு ஆய்வுகூடங்களிலும் இருந்தன. சந்தேகித்தவர் தானே செய்து பார்க்க முடிந்தது.

செவ்வாயும் நுண்படச் சுருளும்

1971இல் பொன்னம்பெரும மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய், இரசாயனக் கூர்ப்புக்கான ஆய்வுகூடத்தை நடத்தினார். 1976இல் நாசாவின் இரண்டு வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கின. ஒவ்வொன்றிலும் பீமனின் பொறுப்பில் ஒரு சிறிய திணிவு நிறமாலைமானி இருந்தது. உயிரைத் தேடிய சோதனையொன்றில், செவ்வாய் மண்ணில் ஊட்டப்பொருள் கலந்த திரவத்தைவிட்டதும் வாயு வெளிவந்தது. உயிர் மூச்சுவிடுகிறது என்று சிலர் எண்ணினார்கள். நிறமாலைமானியோ, மண்ணில் செவ்வாய்க்குரிய சேதனப் பொருளே தென்படவில்லை என்றது. 1977இல் பொன்னம்பெருமவும் சகாக்களும், உயிர் இல்லாமலே மண்ணின் ஒட்சியேற்றும் தன்மையால் இத்தகைய வாயு வெளிவரலாம் என்று ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். உயிரைத் தேடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர், உயிர் இல்லை என்று சொல்லக்கூடிய விளக்கத்தையும் தானே தேடினார்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பேர்குளோரேற் என்ற உப்பைக் கண்டது. மண்ணைச் சூடாக்கும்போது அந்த உப்பு சேதனப் பொருளை எரித்துவிடும். அப்படியென்றால் 1976இல் எரிந்துபோனதன் மிச்சம் பழைய எண்களில் இருக்குமா? இருந்தது. வைக்கிங் நிறமாலைமானியின் பதிவுகள் நுண்படச் சுருள்களில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்பவும் ஆராய்ந்த விஞ்ஞானிகள், அத்தகைய எதிர்வினையில் உருவாகக்கூடிய குளோரோபென்சீனின் சிறிய தடயத்தைக் கண்டதாக 2018இல் எழுதினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் தேடாத ஒன்று, பதிவு முழுமையாக வைக்கப்பட்டிருந்ததால் கிடைத்தது. முடிவை மட்டும் எழுதிவைத்துவிட்டு எண்களை எறிந்திருந்தால், அந்தக் கேள்வியை யாராலும் மீண்டும் கேட்டிருக்க முடியாது.

1981, 1983, ஹந்தானை

பதிவு அழிவது என்றால் என்ன என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1981 மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று சொல்லப்படுகிறது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகள் அந்த நெருப்போடு போய்விட்டன. அதே 1981இல்தான் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்கான சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரு பக்கம் அறிவுக்குச் சட்டம், மறுபக்கம் அறிவுக்குத் தீ.

1983 மே மாதத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். யூலையில் கொழும்பு எரிந்தது. கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. ஒரு மாதம் கழித்து, ஓகஸ்ட் இறுதியில், அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் பொன்னம்பெரும ஒரு செய்தி அறிவித்தார். மரபுப் பொருளின் எழுத்துகளான ஐந்து மூலங்களும் மேர்ச்சிசன் கல்லில் இருப்பதாக அவர் சொன்னார். உலகப் பத்திரிகைகளில் இலங்கையின் பெயர் அந்தக் கோடையில் இரண்டு விதமாக வந்தது.

1984இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் விஞ்ஞான ஆலோசகராகவும், அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் அவர் பொறுப்பேற்றார். ஆதர் சி. கிளார்க் நிலையத்தையும் சில காலம் அவரே வழிநடத்தினார். கொழும்பில் தொடங்கிய நிறுவகம் 1985இல் ஹந்தானைக்கு வந்தது. மேரிலாந்துப் பேராசிரியர் பதவியை விடாமலே, கடல் கடந்து இரண்டு இடங்களிலும் அவர் வேலை செய்தார். வறிய நாடுகளும் அடிப்படை விஞ்ஞானத்தில் ஈடுபட வேண்டும், பிறர் கண்டுபிடித்ததை வாங்கிப் பயன்படுத்துவதோடு நின்றுவிடக் கூடாது என்ற நிலைப்பாட்டில் அவர் உறுதியாக இருந்தார். இத்தாலியின் திரியெஸ்த் நகரில் அப்துஸ் சலாம் அமைத்த நிலையத்தில் இரசாயனக் கூர்ப்பு மாநாடுகள் தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவர் பணிப்பாளராக இருந்த அந்த ஆண்டுகள் கண்டிக்கு அமைதியான ஆண்டுகள் அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்தது. 1987 முதல் 1989 வரை தெற்கிலும் மத்தியிலும் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச வன்முறையும் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களை விழுங்கின. கண்டி, பேராதனை, மாத்தளைப் பகுதிகளில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அன்று சிங்களத் தாய்மார்.

பொன்னம்பெரும 1994 டிசெம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவில் மாரடைப்பால் காலமானார். வயது 71.

அவர் 1983இல் சொன்னது பின்னாளில் சரிபார்க்கப்பட்டதா? ஐந்து மூலங்களில் சிலவற்றைப் பிற குழுக்களும் கண்டன. சைற்றோசினும் தைமினும் மட்டும் நெடுங்காலம் கேள்விக்குரியவையாகவே இருந்தன. 2022இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் யசுஹிரோ ஓபா குழுவினர், மிக நுண்ணிய திணிவு நிறமாலைமானியால் மேர்ச்சிசன் உள்ளிட்ட மூன்று கற்களை ஆராய்ந்து ஐந்தும் உண்டு என்று அறிவித்தார்கள். கல் விழுந்த இடத்து மண்ணையும் சேர்த்து ஆராய்ந்து அதன் எண்களையும் வெளியிட்டார்கள். மண்ணிலும் அத்தகைய மூலங்கள் இருந்ததால், ஒரு பகுதி மாசாக இருக்கலாமா என்ற விவாதம் தொடர்கிறது. விவாதம் தொடர முடிவது எண்கள் வெளியே இருப்பதால்தான்.

பூட்டிய கோப்புகள்

இன்று கடதாசிச் சுருள் இல்லை. ஆனால் வேறொரு பூட்டு வந்திருக்கிறது. திணிவு நிறமாலைமானியை விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளில், தனக்கே உரிய கோப்பு வடிவில் தரவைப் பதிகிறது. அந்த மென்பொருள் இல்லாதவரால் அதைத் திறக்க முடியாது. உரிமம் காலாவதியானால் சொந்த ஆய்வுகூடத்தின் பழைய தரவே அந்நியமாகிவிடும்.

நூறு மாதிரிகள் ஓட்டிய ஆய்வு மாணவி ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, பட்டியலில் ஏற்றுமதி என்பதை அழுத்தி, பெயரிட்டு, சேமித்து, பிறகு அட்டவணையில் ஒட்ட வேண்டும். அறுபதாவது கோப்பில் கண் சோரும். 67ஆம் மாதிரியின் எண்கள் 76ஆம் மாதிரியின் பெயரில் போய் உட்காரும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் முடிவு பிழை.

இதற்கான தீர்வை ஆய்வாளர்களே உருவாக்கினார்கள். 2004இல் எம்இசட்எக்ஸ்எம்எல் என்ற திறந்த வடிவம் வந்தது. 2008இல் அதன் வழியில் எம்இசட்எம்எல் என்ற பொது வடிவம் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த புரோட்டியோவிசார்ட் என்ற இலவச மென்பொருளில் எம்எஸ்கன்வேர்ட் என்றொரு கருவி உண்டு. பல நிறுவனங்களின் பூட்டிய கோப்புகளை அது திறந்த வடிவத்துக்கு மாற்றும். கையால் அழுத்தத் தேவையில்லை. ஒரு கட்டளை வரி எழுதிவைத்தால் கோப்புறையிலுள்ள எல்லாக் கோப்புகளையும் ஒரே விதியில் மாற்றிவிடும். அதன் மேல் பைதன் மொழியிலோ ஆர் மொழியிலோ சிறு நிரல் எழுதினால், இயந்திரம் ஓட்டத்தை முடித்ததும் கோப்பை எடுத்து, மாற்றி, எந்த நேரத்தில் எந்த அமைப்பில் மாற்றப்பட்டது என்று குறிப்பெழுதி, அடுத்த கட்டப் பகுப்பாய்வுக்கு அனுப்பும்.

இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. மாற்றும்போது சில விவரங்கள் சுருக்கப்படலாம், ஆகவே மூலக் கோப்பையும் அழிக்காமல் வைக்க வேண்டும். அத்தோடு ஒவ்வொரு கோப்புக்கும் கணினியால் ஒரு சரிபார்ப்புக் குறியீடு கணிக்க வேண்டும். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் குறியீடு வேறாகிவிடும். எவரும் கைவைக்கவில்லை என்று நீதிமன்றத்தில் காட்ட உதவுவதும் அந்தக் குறியீடுதான்.

எலும்புக்கு வந்த எண்

இனி மன்னாருக்கு வருவோம். எலும்பின் வயதைக் கணிக்கப் பயன்படுவது முடுக்கியோடு இணைந்த திணிவு நிறமாலைமானி. அது எலும்பிலுள்ள காபன்-14 அணுக்களை நேரடியாக எண்ணுகிறது. உயிர் பிரிந்த பின் அந்த அணுக்கள் சீரான வேகத்தில் குறைகின்றன, 5,730 ஆண்டுகளில் பாதியாகின்றன. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் காபன்-14 ஏறத்தாழ இரு மடங்கானது. அதற்குப் பின் வாழ்ந்தவர்களின் எலும்பில் அந்த மிகை இருக்கும். ஆகவே அண்மைக் காலத்தில் இறந்தவரை நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவரிடமிருந்து பிரித்தறியும் ஆற்றல் இந்த முறைக்கு உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இயந்திரம் தன்னிடம் தரப்பட்ட துண்டைப் பற்றி மட்டுமே பேசும். 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளில் ஆறு மாதிரிகள் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டன, எந்த மண் அடுக்கிலிருந்து வந்தன, அருகில் கிடைத்த ஏனைய பொருட்களோடு எப்படிப் பொருந்துகின்றன என்பவை நிறமாலைமானிக்கு வெளியே உள்ள கேள்விகள். குடும்பங்களின் சார்பில் நின்ற சட்டத்தரணிகள் மேலும் ஆய்வு கோரியது அதனால்தான்.

கண்டியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் உள்ள மாத்தளையிலும் இதுவே நடந்தது. 2012 இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. உடன் கிடைத்த பொருட்களை ஆராய்ந்த தொல்லியலாளர் 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்றார். அமெரிக்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளின் கதிர்க்காபன் பரிசோதனை 1950க்கு முற்பட்டவை என்றது. இரண்டு முடிவுகள், ஒரே குழி. சிங்களத் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் ஒரே சுவரின் முன் நிற்கிறார்கள்.

மேர்ச்சிசன் கல்லுக்குக் கிடைத்த மரியாதை அந்த எலும்புகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. மாதிரியை யார் எடுத்தார், எங்கிருந்து எடுத்தார் என்ற பதிவு. அதற்கு இட்ட இலக்கம். இயந்திரம் பதிந்த மூலக் கோப்பு, எவரும் திறக்கக்கூடிய வடிவில். அதன் சரிபார்ப்புக் குறியீடு. எண்ணிலிருந்து ஆண்டுக்கு வந்த கணக்கு. இவற்றோடு, இன்னோர் ஆய்வுகூடம் மீண்டும் சோதிக்க எஞ்சிய எலும்புகளின் பாதுகாப்பான வைப்பு. முடிவு எம் எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தாலும், இவை கையில் இருந்தால் அந்த முடிவை நாம் தாங்கிக்கொள்ளலாம். இவை இல்லாமல் வரும் முடிவு சாதகமாக இருந்தாலும் நிலைக்காது.

அடுத்த முறை ஒரு புதைகுழியைப் பற்றி அறிக்கை வரும்போது, அதில் எழுதப்பட்ட ஆண்டை வாசிப்பதற்கு முன் அதன் பின்னிணைப்பைக் கேளுங்கள். வழக்கை முன்னெடுக்கும் சட்டத்தரணியிடமும் அதைக் கேட்கச் சொல்லுங்கள். 1969இல் விழுந்த கல்லை 2022இல் மீண்டும் சோதிக்க முடிந்தது, கல்லும் இருந்தது, எண்களும் இருந்தன. காலியில் பிறந்து ஹந்தானையில் பணிபுரிந்த அந்த மனிதரின் கண்டுபிடிப்பு இன்றும் விவாதத்தில் உயிரோடு இருப்பது அவ்விரண்டாலும்தான்.